மணற்கேணியும் மரதன் ஓட்டமும்

கல்விக்கு உவமை தேடிய வள்ளுவர் மணலில் தோண்டிய கேணியை எடுத்தாண்டார். தோண்டுமளவுக்கு நீர் சுரக்கும் என்பதே அவ்வுவமையின் உயிர். ஆற்று மணலை அறிந்த நாட்டில் அஃது ஐயமற்ற உண்மை. ஆனால், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியுமாக இரு புறமும் உவர்நீர் சூழ்ந்த கல்லடி மணலில் வாழும் ஒருவர் அப்பாடலைப் படிக்குங்கால் சிறிது புன்முறுவல் பூத்தல் கூடும். இங்கே சில முழம் தோண்டினால் நன்னீர். ஆசைப்பட்டு மேலும் தோண்டினால் உப்பு. உவமையிற் குற்றமில்லை. மணல்தான் வேறு.

இம்மணற்கேணியை இன்று நினைக்க நேர்ந்ததற்குக் காரணம், உலகின் பல திசைகளிலும் நடைபெற்றுவரும் நெடுந்தூர ஓட்டங்கள். குடிக்க நல்ல நீர் இல்லாத ஊர்களுக்குக் கிணறும் குழாயும் அமைப்பதற்கென ஆடவரும் மகளிரும் பல காதம் ஓடுகின்றனர். அவர் ஓடும் தூரத்தைக் கண்டு இரங்கியோ வியந்தோ மற்றையோர் பொருள் வழங்குகின்றனர். பாதுகாப்பான முறையில் வழங்கப்படும் குடிநீர் கிட்டாத மக்கள் 2022 ஆம் ஆண்டில் உலகில் 220 கோடியர் இருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் கூட்டாக வெளியிட்ட கணக்கு. இப்பெருங் குறையின் முன்னே சிலர் ஓடுவதால் ஆகக்கூடியது என்ன என்று வினவுவார் நம்மிடையே உளர். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறப் புகுமுன் அவ்வோட்டங்களுள் ஒன்றையேனும் அணுகிப் பார்த்தல் நன்று.

2006 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மேற்கு ஆபிரிக்காவிலுள்ள செனகல் நாட்டுக் கடற்கரையிலிருந்து மூவர் ஓடத் தொடங்கினர். அமெரிக்கரான சார்லி எங்கிள், கனடியரான ரே சகாப், தைவானியரான கெவின் லின் என்போர் அம்மூவர். மொரித்தேனியா, மாலி, நைஜர், லிபியா, எகிப்து ஆகிய நாடுகளினூடாகச் சகாராப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, 111 நாள்களின் பின், 2007 பெப்ரவரியில் செங்கடலிற் கால் நனைத்தனர். தூரம் ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர். மரதன் ஓட்டத்தின் நீளம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் என்பதை மாணவர் அறிவர். அதனோடு ஒப்பிட்டுக் கணக்கிடின், அவர்கள் நாளொன்றுக்கு ஒன்றரை மரதன் வீதம் மூன்றரை மாதத்துக்கு மேல் இடையறாது ஓடியிருக்கின்றனர். வெயில், மணற்புயல், கால்வீக்கம், வயிற்றுநோய் ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வோட்டத்தையொட்டி ஆபிரிக்க ஊர்களின் குடிநீருக்கென ஒரு நிதியம் எழுந்தது. திரைப்பட நடிகர் மற் டேமன் அதற்குத் துணைநின்றார். 2009 இல் அந்நிதியம் வேறோர் அமைப்புடன் இணைந்து ‘வாட்டர் டொட் ஓர்க்’ என்னும் பெயர் பெற்றது. அவ்வமைப்பு கிணறு தோண்டிக் கொடுப்பதோடு அமையாது, ஏழைக் குடும்பங்கள் தம் வீட்டுக்குக் குழாயிணைப்பும் மலகூடமும் தாமே அமைத்துக்கொள்ளச் சிறுகடன் பெற வழிசெய்தலைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. பாலைவனத்தில் ஓடியவர் ஈட்டிய புகழ், ஈற்றில் ஓர் ஏழைத் தாயின் கடன் புத்தகத்தில் வந்து நின்றது எனலாம். இதனை நாம் இழித்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. கொடையாகப் பெற்ற கிணற்றினும் தன் உழைப்பால் அடைத்துமுடித்த கடனில் வந்த குழாயை அத்தாய் நெடுநாள் பேணுவாள் என்பது எம் கருத்து. ஓட்டத்தைத் தொடங்கியபோது ஓடியவர் சிந்தையில் இருந்தது வேறாக இருக்கலாம். நீரின் வேலை எங்கே போய் முடிகின்றது என்பதற்கு இஃது ஓர் அறிகுறி.

அவுஸ்திரேலியப் பெண்மணி மீனா குலியின் முயற்சியும் நினைக்கத்தக்கது. அவர் பொருள் திரட்டுவதைக் காட்டிலும் நீர்ப்பஞ்சத்தின்பால் உலகின் கண்ணைத் திருப்புவதையே குறிக்கோளாகக் கொண்டவர். 2018 இல் நூறு நாளில் நூறு மரதன் ஓடுவதெனப் புறப்பட்டு, 62 ஓடிய பின் தொடையெலும்பு முறிந்து தென்னாபிரிக்காவில் நின்றுவிட்டார். நின்றவுடன் நிகழ்ந்தது என்ன? உலகெங்குமிருந்த அன்பர்கள் எஞ்சிய தூரத்தைத் தாம் பங்கிட்டு ஓடினர். தனியொருவர் ஓட்டமாகத் தொடங்கியது அஞ்சலோட்டமாக மாறிற்று. அவர் பின்னர் உடல் தேறி, 2022 மார்ச்சு முதல் ஓராண்டில் 200 மரதன் ஓடி, 2023 மார்ச்சில் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகளின் நீர் மாநாடு கூடிய வேளையில் ஓட்டத்தை நிறைவுசெய்தார். எமக்கு அந்த 200 ஐக் காட்டிலும் முறிந்துபோன அந்த 62 ஆம் நாளே பெரிதாகத் தோன்றுகின்றது. ஏனென்பது பின்னர்ப் புலனாகும்.

இனி, ஓடாமலே பணத்தைக் கொடுத்துவிடலாகாதா என்னும் வினாவுக்கு வருவோம். இவ்வாறு வினவுவோர் கதிர்காம யாத்திரையை மறந்தவராவர். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரிகர் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை எனக் கீழைக் கரையோரமாகவே பல வாரம் நடந்து, குமண, யாலக் காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர்கின்றனர். வழிநெடுக ஊர்மக்கள் தண்ணீர்ப் பந்தல் இட்டு மோரும் நீரும் வார்க்கின்றனர். யாத்திரிகர் எவரும் ‘எனக்குத் தண்ணீர் தருக’ என்று துண்டுப்பிரசுரம் அச்சிடுவதில்லை. புழுதி படிந்த அக்கால்களே வேண்டுகோள். உடலை வருத்தி ஒருவர் ஒரு செயலை மேற்கொள்ளும்போது அவர் சொல்லில் பொய் இருக்க இடமில்லை என மக்கள் மனம் கருதிக்கொள்கின்றது. கொடை நெஞ்சைத் திறக்கும் திறவுகோல் அது. நெடுந்தூர ஓட்டக்காரர் கையாள்வதும் அத்திறவுகோலையே. வேறுபாடு ஒன்றே: யாத்திரையில் ஊர் நடப்பவருக்கு நீர் தருகின்றது, இவ்வோட்டத்தில் ஓடுபவர் ஊருக்கு நீர் தர முயல்கின்றார்.

நீரறம் தமிழருக்குப் புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்குக என்று குடபுலவியனார் அறிவுறுத்தியமை புறநானூறு கற்றார் அறிந்தது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த வரலாற்றைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அப்பந்தல் ஒருநாட் பந்தலன்று. பெயரைக் கண்டு வழிப்போக்கராக வந்த நாவுக்கரசரே வியந்து விசாரிக்குமளவுக்கு நிலைபெற்று நின்ற பந்தல் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

நம் தீவிலும் நெடுநடையாற் பொருள் திரட்டிய செயல் நடந்தேறியிருக்கின்றது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று எழுவதற்கு நிதி சேர்த்தனர். நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவ என்னும் இரு நண்பர் முன்னின்ற அந்நடையில் இன மத வேறுபாடின்றிப் பல்லாயிரவர் ஆங்காங்கே சேர்ந்து நடந்தனர். 2016 இல் அதே வழியை எதிர்த்திசையில் நடந்து, காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்குப் பொருள் திரட்டினர். நடந்து முடிந்ததும் கட்டடம் எழுந்தது. கட்டடத்துக்குள் அரசின் மருத்துவரும் தாதியரும் வந்தமர்ந்தனர். மருத்துவமனைக்கு வாய்த்த இவ்வசதி ஊர்க் கிணற்றுக்கு வாய்ப்பதில்லை. கிணற்றுக்கு யார் சம்பளம் பெறும் தாதி? கம்பி கட்டிய கப்பி துருப்பிடித்தால், குழாய்க்கிணற்றின் தோல்வளையம் தேய்ந்தால், எவர் வந்து பார்ப்பர்?

இவ்வினா வெற்று ஐயமன்று. சகாராவுக்குத் தெற்கேயுள்ள இருபது ஆபிரிக்க நாடுகளில் நாட்டப்பட்ட கைப்பம்பிகளுள் நூற்றுக்கு 36 இயங்காது கிடந்தன என 2009 இல் கிராமிய நீர்வழங்கற் துறையினர் மதிப்பிட்டனர். அவற்றுள் ஒவ்வொன்றும் எங்கோ ஒருவர் மனமுவந்து கொடுத்த காசு. திறப்புவிழா நாளில் மாலை சூடி நின்ற பம்பி, சில ஆண்டுகளில் ஆடு கட்டும் முளையாக நிற்கின்றது. இதனினும் கொடிது வங்காளதேசத்தில் நிகழ்ந்தது. குளத்து நீரின் கிருமிகளிலிருந்து மக்களைக் காக்க வேண்டுமென்ற தூய நோக்கத்தோடு அங்கே இலட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் இறக்கினர். நிலத்தடி நீரில் ஆசனிக்கு என்னும் நஞ்சு கலந்திருந்ததை 1993 இலேயே கண்டறிந்தனர். முதலில் நீரைச் சோதித்துவிட்டுப் பின்னர் குழாய் இறக்கியிருந்தால் எத்துணை உயிர் தப்பியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

வெளிநாட்டுக் கதை எதற்கு? நம் கல்லடியே போதிய பாடம் கற்பித்திருக்கின்றது.

2004 மார்கழி 26 காலையில் கடல் எழுந்து வந்து நாவலடியையும் டச்சுபாரையும் திருச்செந்தூரையும் கல்லடிக் கரையையும் வாரிக்கொண்டது. திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியை நாடே கண்டது. மாண்டவர் துயர் ஒருபுறமிருக்க, எஞ்சியவர் தாகத்தோடு கிணற்றை எட்டிப் பார்த்தபோது அங்கே கிடந்ததும் கடலே. பவுசர் வண்டிகளில் தண்ணீர் வந்தது. பல நாட்டிலிருந்தும் வந்த தொண்டர்கள் பம்பிகளோடு கிணறுதோறும் சென்று நீரை இறைத்து வெளியேற்றினர். ஒருமுறை இறைத்தும் உப்பு நீங்காவிடின் மறுமுறை. அதிலும் நீங்காவிடின் மூன்றாம் முறை. அவர்தம் அன்பில் மாசு கற்பித்தல் பாவம். ஆயினும் மணலின் இயல்பு அவர்களுக்குத் தெரியாது.

அவ்வியல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கரையோர மணலின் அடியில் கடல்நீர் ஊடுருவி நிற்கின்றது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பெய்யும் மாரிமழை மணலுள் இறங்கி, கடல்நீரினும் எடை குறைந்ததாகலின், அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நாம் அள்ளிப் பருகும் கிணற்று நீர் அம்மழை வில்லையின் ஒரு துளியே. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிலைபெறும் என்பது கைபன், கேட்சுபேக்கு என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்ட விதி. கணக்கை மறுதலையாகப் பார்த்தால் அச்சம் பிறக்கும்: மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பது அடி உவர் ஏறி வரும். அவசரத்தோடு ஓயாது இறைக்கும்போது மேலுள்ள மெல்லிய நன்னீர்ப் படையும் கலங்கிக் கிணற்றடியில் உவர் கூம்புபோல் எழுகின்றது. இறைத்த உப்புநீரைக் கிணற்றருகே ஊற்றினாலோ, அது மணல்வழியே மீண்டும் உள்ளே புகும்.

நீரியல் அறிஞர்கள் இதனைக் கண்டு எச்சரித்தனர். பன்னாட்டு நீர் முகாமைத்துவ நிறுவகத்தார் கீழைக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, இறைத்துத் துப்புரவு செய்த கிணறுகள் ஏனையவற்றினும் விரைந்து தேறின என்று சொல்லத் தக்க சான்று கிட்டவில்லை. தேற்றியது மழை. ஓரிரு மாரி கடந்த பின்னரே பெரும்பாலான கிணறுகளில் உவர் தணிந்தது. இவ்வளவையும் தாங்கி நின்றது எது? பொறுமை. நெடுந்தூரம் ஓடுபவர் போற்றும் குணமும் அதுவே அன்றோ! முதல் ஐந்து கிலோமீற்றரிலேயே மூச்சைச் செலவழித்தவன் மரதன் முடிப்பதில்லை என்பதை எந்தப் பயிற்றுநரும் சொல்வார். ஆழிப்பேரலையின் பின் நாம் கிணறுகளிடத்தில் நூறு மீற்றர் ஓட்டத்தை ஓடினோம். அவை வேண்டி நின்றது மரதன்.

இன்று கல்லடியின் நிலை வேறு. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழியே நகரையும் அண்டிய இடங்களையும் வந்தடைகின்றது. இது பெரும்பேறு. எனினும், குளத்தை அண்டிய சிற்றூர்களின் மக்கள் தமக்குக் குடிநீர் கிட்டவில்லையென முறையிட்ட காலமும் இருந்தது. 2018 இல் புல்லுமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலை அமைக்கும் முயற்சிக்கு எதிராக மட்டக்களப்பில் கடையடைப்பு நடந்தபோது அவ்வேக்கம் வெளிப்பட்டது. நீர் பிறக்கும் இடத்தில் தாகமும் நீர் சேரும் இடத்தில் வீணும் இருத்தலாகாது. மற்றொன்றும் கூறவேண்டும். குழாய் வந்த வீட்டிற் கிணறு அநாதையாகின்றது. மூடியின்றிக் கிடந்து குப்பையேற்கின்றது. மலக்குழி அதன் அருகே நெருங்கி வருகின்றது. மணலோ மழையை எத்துணை விரைவில் உள்வாங்குமோ அத்துணை விரைவில் கழிவையும் உள்வாங்கும். வறட்சியிற் குளம் வற்றினாலோ, வெள்ளத்திற் குழாய் உடைந்தாலோ, மறுபடியும் எட்டிப் பார்க்கப்போவது அந்த அநாதையைத்தான்.

பண்டிதருக்கு மணலும் உப்பும் எதற்கு எனக் கேட்பாருமுண்டு. அன்னவர்க்கு உப்போடையில் துயிலும் விபுலானந்த அடிகளைச் சுட்டிக் காட்டுவதன்றி வேறு விடை தேடமாட்டோம். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகத் தேறிய அவரே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். இலக்கியத்தையும் இரசாயனத்தையும் இரு வேறு சுவருக்குள் அடைத்தவர் அவர் அல்லர். பாடும் மீனைக் கேட்கவென்று கல்லடிப் பாலத்துக்கு வரும் அன்பர்கள், பாலத்தின் இருகரையிலும் உள்ள கிணறுகள் என்ன பாடுகின்றன என்றும் ஒருகால் கேட்டால் நலம்.

எனவே எமது வேண்டுகோள் இது. கல்லடிப் பாலத்தில் தொடங்கி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி ஊடாகக் கல்முனை வரை நீளும் கரையோரப் பெருந்தெரு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம். வழி முழுவதும் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல். தமிழரும் முசுலிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள். இரு சாராரும் பருகுவது ஒரே மழையை. இவ்வழியில் குடிநீருக்கென ஆண்டுதோறும் ஓர் ஓட்டம் நிகழட்டும். தனியொருவர் வீரங்காட்டும் ஓட்டமாக அன்றி, ஊருக்கு ஒரு குழுவாகப் பள்ளி மாணவரும் ஆசிரியரும் கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சலோட்டமாக நிகழட்டும். மீனா குலி விழுந்த இடத்தில் பிறர் எடுத்து ஓடியதை நாம் பெரிதெனக் கொண்டது இதன்பொருட்டே. கிணற்றைப் பொறுத்தவரை, தோண்டுபவர் எப்போதும் ஒருநாள் போய்விடுகின்றார். கோலை வாங்குவதற்குக் கைநீட்டி நிற்பவர் அவ்வூரில் இருக்கின்றாரா என்பதே கேள்வி.

திரளும் பணம் முழுவதையும் புதுக் கிணற்றுக்கும் புதுக் குழாய்க்கும் செலவிடுதல் கூடாது. சரிபாதியையேனும் வங்கியிலிட்டு, பழுதுபார்த்தலுக்கும் நீர்ச் சோதனைக்கும் ஆண்டாண்டாக எடுத்தல் வேண்டும். கொடுப்போருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றாது என்பதை நாம் அறிவோம். தோல்வளையம் மாற்றியதற்குக் கல்வெட்டு நாட்ட முடியாதன்றோ! கணக்கை ஒவ்வோராண்டும் ஊரறிய வெளியிடுதல் இன்றியமையாதது. ஓட்டக்காரருக்கு வழியிற் கொடுக்கும் நீர் பிளாஸ்ரிக் போத்தலில் வருமாயின், அவ்வோட்டத்தை நடத்தாமலே விடலாம். தெருவோரத் தண்ணீர்ப் பந்தலும் செம்பும் குவளையும் நம்மிடம் உள. அமைச்சர் படம் தாங்கிய பதாகைகளைப் பற்றி இங்கே எழுதுவது வீண். அவை எப்படியும் வந்துசேரும்.

ஓட்டத்தில் பங்குகொள்ளும் பாடசாலை ஒவ்வொன்றும் தன் சுற்றுப்புறத்துக் கிணறுகள் பத்தைப் பொறுப்பேற்கலாம். உயர்தர வகுப்பு இரசாயன ஆய்வுகூடத்திலுள்ள வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலே குளோரைட்டு அளவைக் காட்டிவிடும். மின்கடத்துதிறன் மானி ஒன்று கிடைத்தால் வேலை இன்னும் எளிது. மலக்கிருமிச் சோதனையை மாத்திரம் உரிய அரச ஆய்வுகூடத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். முடிவுகளைப் பாடசாலை வாயிலில், பரீட்சைப் பெறுபேறு ஒட்டும் அதே பலகையில் ஒட்டுக. எந்தக் கிணறு தேறியது, எது தவறியது என்று ஊரார் வந்து பார்க்கட்டும்.

ஓட்டத்துக்கு உகந்தது மாசி மாதம். மாரி ஓய்ந்து மணல் நீர் நிறைந்திருக்கும், வெயிலும் கடுமையேறியிராது. முதல் அளவையை அவ்வாரத்திலேயே எடுத்துவிடலாம். இரண்டாம் அளவை ஆவணியில், கிணறு ஆழ இறங்கி, வாளிக் கயிற்றை ஒரு முழம் நீட்டிக் கட்டும் நாளில்.